குளிராத ஃபிரிட்ஜ்

பின்னால் கதவு சாத்தப்பட்டு, பூட்டில் சாவி இரண்டு சுற்று சுற்றியதும் கொழுந்தன் திரும்பிப் பூட்டைப் பார்த்தான். மூடிய அறை என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் நான்கு மாடியும் படியேறி வந்தவன் அவன். அப்படி மூச்சு வாங்க ஏறி வந்து சேர்ந்த வீடு, லிஃப்டே தேவலை என்று நினைக்க வைத்தது. ஜன்னல் எல்லாவற்றிலும் அட்டையை வைத்து அடைத்து, அதன் மேல் கறுப்புத் துணியை ஆணி அடித்திருந்தார்கள். உச்சியில் ஒரே ஒரு டியூப்லைட். பிற்பகல் இரண்டே முக்கால் என்று கைக்கடிகாரம் சொன்னால்தான் உண்டு.

"மெமரி கார்டு கிடைக்கிற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது," என்றார் கதவைப் பூட்டிய பெண்மணி. சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டார். "நீங்களும்தான்."

"வந்ததும் கிளம்புற பழக்கம் எங்களுக்கு இல்ல மேடம்," என்றான் கொழுந்தன். "ஆனா கிளம்பலாம்னு ஒரு நம்பிக்கை இருந்தா மூளை கொஞ்சம் நல்லா ஓடும்."

அவர் சிரிக்கவில்லை. அவர்தான் இயக்குநர். ஏழு வருடம் கையில் ஒரே கதையை வைத்துக்கொண்டு அலைந்து, கடைசியில் தெரிந்தவர்களையும் சொந்தக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, இந்த ஒரே வீட்டுக்குள் பதினெட்டு நாளில் முழுப் படத்தையும் எடுத்து முடித்தவர். முடித்த மூன்றாம் நாள் துப்பறிவாளரைக் கூப்பிட வேண்டி வரும் என்று கதையில் எழுதியிருக்கவில்லை.

துப்பறிவாளர் என்றால் அண்ணி. இன்சூரன்ஸ் ஆபீசில் இருபது வருடம், எரிந்துபோன கிடங்குகள் தானாக எரிந்தனவா, யாராவது எரியவிட்டார்களா என்று பார்ப்பது அவளுக்கு வேலை. அதை விட்டுவிட்டு வந்து சொந்தமாக இந்தத் தொழிலை ஆரம்பித்தபோது, நான்கு கம்பெனிகள் மாறிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த கணவரின் தம்பியையும் கூட இழுத்துக்கொண்டாள். மூன்று வேளையும் அண்ணி கையால் சாப்பிடுகிறவன் அண்ணியிடம் வாயை அடக்கி வேலை செய்வான் என்று எதிர்பார்த்தாள். வேலை மட்டும் செய்தான்.

"முதல்ல பேன்ட்டைத் தட்டுங்க கொழுந்தனாரே," என்றாள் அண்ணி மெதுவாக. "பின்பக்கம் ஒரே மண்ணு."

"உங்க ஆட்டோ வர்ற வரைக்கும் கீழ ஒரு பைக் மேல உட்கார்ந்திருந்தேன். மரத்தடியில நின்னுச்சு. சீட்டு மேல இலை, தூசி, பறவை போட்ட முத்திரை, எல்லாம் இருந்துச்சு. பாதியைத் துடைச்சேன், மீதியைக் கொண்டு வந்துட்டேன்."

ஹாலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதே சரி. காலை பத்து மணியிலிருந்து அப்படியே இருக்கிறார்களாம். ஒருவர் கேமராக்காரர், ஆள் வாட்டசாட்டம், நாற்காலி அவரைத் தாங்கிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம். அடுத்தவர் சவுண்ட்காரர், நரைத்த தலை, கழுத்தில் பெரிய ஹெட்போன், பேசினால் காசு போய்விடும் என்பது போன்ற முகம். மூன்றாமவன் இயக்குநரின் கூடப் பிறந்த தம்பி. கிளாப் அடிப்பது, கார்டுகளைப் பத்திரப்படுத்துவது, வண்டி ஓட்டுவது, டீ போடுவது எல்லாம் அவன்தான். சின்னப் படத்தில் ஓர் ஆளுக்கு ஒரு வேலை என்பது கிடையாது. இப்போது திருடன் என்ற வேலையையும் அவன் தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் அண்ணி.

இயக்குநர் நின்றபடியே சொன்னார். படத்தில் ஒரு அப்பா வீட்டுக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறார். கடைசிக் காட்சியில் மகள் கதவுக்கு வெளியே நிற்கிறாள், அப்பா உள்ளேயிருந்து பேசுகிறார். திரையில் மகளின் முகம் மட்டும்தான். அப்பா வெறும் குரல். அந்தக் குரலுக்காகவே ஒரு பழைய நாடக நடிகரைத் தேடிப் பிடித்தார்கள். பெரியவருக்குத் தொண்டையில் கட்டி. நேற்றுக் காலை ஆபரேஷன் நடந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் அந்தக் காட்சியை எடுத்தார்கள்.

"இனிமே அவர் பேசமாட்டார்," என்றார் இயக்குநர். "யாராலயும் பேசவைக்க முடியாது. அவர் கடைசியாப் பேசினது அந்தக் கார்டுல இருந்துச்சு. அதைக் காணோம்."

"கேமராவுல சத்தம் பதிவாகாதா?"

"பழைய கேமரா," என்றார் கேமராக்காரர். "அதோட மைக் செத்துப் பத்து நாளாச்சு. படம் பத்திரமா இருக்கு. சத்தம் தனி மெஷின்ல, தனி கார்டுல பதிவாகும். தினமும் சாயங்காலம் காப்பி எடுத்து வெச்சுடுவோம். அன்னிக்கு மட்டும், பெரியவரை ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு அவசரம். நானும் மேடமும் அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டோம்."

"அப்புறம் கடைசியா வீட்டைப் பூட்டினது?"

மூன்று பேரின் கண்களும் தம்பிக்காரன் மேல் போயின.

"நான்தான்," என்றான் அவன். "சவுண்ட் அண்ணன் கார்டு பெட்டியைக் கொடுத்தார். அலமாரியில வெச்சுப் பூட்டினேன். வீட்டையும் பூட்டிச் சாவியை அக்காகிட்டக் கொடுத்தேன். இன்னிக்குக் காலையில பெட்டியைத் திறந்தா அந்தக் கார்டோட குழி மட்டும் காலி."

"சொன்னதை முழுசாச் சொல்லு," என்றார் அக்கா. "அன்னிக்கு மத்தியானம் எல்லார் முன்னாடியும் என்ன சொன்னே? இந்தப் படம் வெளியவே வரக் கூடாதுன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். பெரியவர் ரத்தமாத் துப்பிக்கிட்டிருந்தார். ஷூட்டிங்கை நிறுத்துன்னு சொன்னேன், நீ கேக்கல. அந்த ஆத்திரத்துல சொன்னேன்."

"அவரே நடிக்கிறேன்னுதானே சொன்னார்?"

"அவர் சொல்லுவார். நீ கேட்டிருக்கக் கூடாது."

இயக்குநரின் முகம் ஒரு கணம் இறுகியது. "நாலு மணி வரைக்கும் பார்ப்பேன்," என்று அண்ணியிடம் சொன்னார். "அதுக்குள்ள கார்டு வரலைன்னா போலீஸைக் கூப்பிடுவேன். தம்பின்னெல்லாம் பார்க்கமாட்டேன்."

சொல்லிக்கொண்டே சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இந்த அம்மாவும் நம்மைப் போலத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார், சாவி கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான். அவனுக்குச் சட்டைக் காலர் இறுக்கியது. எங்கேயாவது ஒரு திறந்த ஜன்னல் இருந்தால் மூக்கை மட்டுமாவது வெளியே நீட்டலாம்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டு எழுந்தான்.

அங்கேயும் ஜன்னலை அடைத்திருந்தார்கள். தாழ்ப்பாளைப் போட தைரியம் வராமல் கதவைக் காலால் தாங்கியபடி நின்றான். கதவின் உள்பக்கம், கண் மட்டத்தில், ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வசனம் எழுதிய பக்கம். ஈரத்தில் ஓரங்கள் சுருண்டிருந்தன. வரிகளுக்கு நடுவே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். மூச்சு வாங்குகிற இடங்கள் போலிருக்கிறது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இவங்க தொழில் பக்தியை என்னன்னு சொல்றது அண்ணி," என்றான். "பாத்ரூம்லகூட வசனம் ஒட்டியிருக்காங்க. நம்ம வீட்ல அந்த இடத்துல கேலண்டர்தான் இருக்கு."

அண்ணி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. காலையில் இயக்குநர் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, அன்று ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆன பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதி வாங்கியிருந்தார். அண்ணி அவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். சவுண்ட்காரர் மூன்றே வரிகள் எழுதியிருந்தார். 'கார்டைப் பெட்டியில் வைத்தேன். பெட்டியைத் தம்பியிடம் கொடுத்தேன். ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.'

"எல்லாருக்கும் நான் டீ போடட்டுமா?" என்று சவுண்ட்காரர் எழுந்தார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

"உட்காருங்க சார்," என்றார் இயக்குநர். "காலையிலேர்ந்து மூணாவது தடவை கேக்குறீங்க. நீங்க டீயே குடிக்கமாட்டீங்களே? தம்பி, நீ போடு. கதவு பூட்டித்தான் இருக்கு, எங்கயும் ஓட முடியாது."

தம்பிக்காரன் கொண்டுவந்த டீ கறுப்பாக இருந்தது.

"பால் தீர்ந்துபோச்சா?" என்றான் கொழுந்தன்.

"இருந்துச்சு. திரிஞ்சுபோச்சு. கட்டி கட்டியாக் கொட்டுது."

"ஃபிரிட்ஜ் இருக்கே?"

"அது ஓடல. சுவிட்ச் நிறுத்தியே இருந்துச்சு."

அண்ணி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். கொழுந்தனுக்கு அந்த நிறுத்தம் தெரியும். கிடங்கு எரிந்த கேஸ்களில் அண்ணி சாம்பலை விட்டுவிட்டு எரியாத மூலையைத்தான் முதலில் பார்ப்பாளாம். அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"ஃபிரிட்ஜை யார் நிறுத்துவாங்க?" என்று கேட்டாள்.

"சவுண்ட்தான்," என்றார் கேமராக்காரர். "ஃபிரிட்ஜ் ஓடினா உர்ருன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, நமக்குக் கேக்காது, மைக்குக்குக் கேக்கும். அதனால காலையில நிறுத்திடுவார். பேக்கப் ஆனதும் போட்டுட்டுப் போவார்."

"தினமுமா? ஒரு நாளும் மறந்ததில்லையா?"

கேமராக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "அவரா மறப்பார்? அதுக்கு ஒரு வித்தை வெச்சிருக்கார். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ள போட்டுடுவார். வீட்டுக்குப் போகணும்னா சாவி வேணும். சாவிக்கு ஃபிரிட்ஜைத் திறந்தாகணும். திறந்தா உள்ள இருட்டா இருக்கும், சுவிட்ச் ஞாபகம் வந்துடும். முதல் நாள் பார்த்துட்டு நாங்க எல்லாரும் கேலி பண்ணினோம். பதினேழு நாள் ஒரு தடவைகூடப் பால் கெடல."

"பதினெட்டாவது நாள் கெட்டிருக்கு," என்றாள் அண்ணி.

சவுண்ட்காரர் தரையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

"கொழுந்தனாரே, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஃபிரிட்ஜைத் திறங்க."

"எனக்குக் கிடைக்கிற கேஸ் எல்லாம் நாத்தம் பிடிச்சதாத்தான் இருக்கும் போல," என்று முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனான் அவன். கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அறைந்தது. கீழ்த் தட்டில் பால் பாக்கெட்டுகள் உப்பிக் கிடந்தன. கதவின் மேல் பகுதியில் மூடி போட்ட சின்ன அறை ஒன்று. மூடியைத் தூக்கினான். சாவி இருந்தது. அதில் சின்ன மைக் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை தொங்கியது.

வருவதற்கு முன் சுவிட்சைத் தட்டிவிட்டான். ஃபிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி உர்ரென்று ஓட ஆரம்பித்தது. இந்த வீட்டில் ஏதோ ஒன்றாவது மூச்சு விடுகிறதே என்று அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அண்ணி சாவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க பேன்ட்ல இருக்கிற மண்ணு எந்த வண்டியோடது?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"கீழ மரத்தடியில... நீல கலர் பைக். பெட்ரோல் டேங்க் மேல காது படம் போட்ட ஸ்டிக்கர்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "ரெண்டு நாளா அசையாத வண்டி அண்ணி அது."

"அது யாரோடது?"

"சவுண்ட் அண்ணனோடது," என்றான் தம்பிக்காரன். அவனுக்கே நம்ப முடியவில்லை. "அண்ணே, வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன்னு எழுதியிருக்கீங்களே?"

சவுண்ட்காரரின் கைகள் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டன. இயக்குநர் அவர் முன்னால் போய் நின்றார். "சார், நீங்களா?" என்றார். கோபத்தைவிடத் திகைப்புதான் அதில் அதிகம். "உங்களையா நான் கேக்குறேன்? என் தம்பியைக் காலையிலேர்ந்து திருடன்னு சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களா?"

"கொஞ்சம் இருங்க," என்றாள் அண்ணி. "அவர் திருடல."

"அதான் பொய் சொல்லியிருக்காரே."

"பொய் சொன்னார். திருடல. திருடிக்கிட்டுப் போறவன் வண்டிச் சாவியை மறக்கமாட்டான் மேடம். அவனுக்குச் சீக்கிரம் போகணும். தினமும் கை தானாச் செய்ற வேலையை மறந்துட்டு, வண்டியை மறந்துட்டு, ஒரு ஆள் நடந்தே வீட்டுக்குப் போறார்னா அவர் எதையோ தொலைச்சிருக்கார். இன்னிக்கு டீ போடுறேன்னு எழுந்ததெல்லாம் அந்தச் சாவியை எடுக்கத்தான்." சவுண்ட்காரர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க போறதுக்கு முன்னாடி கார்டைப் போட்டுக் கேட்டீங்க. இல்லையா?"

ஃபிரிட்ஜின் உர்ர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றினார். வலது காதின் மெத்தையைப் பிரித்தார். நகம் அளவு கார்டு ஒன்று உள்ளேயிருந்து அவர் கையில் விழுந்தது.

"காலையிலேர்ந்து இவர் எதைக் கேட்டுக்கிட்டிருக்கார்னு யோசிச்சேன்," என்று கொழுந்தன் ஆரம்பித்து, அண்ணி பார்த்த பார்வையில் முடிக்காமல் விட்டான்.

"இதுல ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் சவுண்ட்காரர். கார்டை அவர் முன்னால் நீட்டினார். "அதைச் சொல்ல வாய் வரல."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"மெஷின்ல ஒரே பட்டன். அமுக்கினா ஓடும், திரும்ப அமுக்கினா நிக்கும். ஓடுதா நிக்குதான்னு ஒரு சிவப்பு விளக்கு சொல்லும். அன்னிக்கு அந்த விளக்கு கதவுக் கைப்பிடியில புள்ளியாத் தெரியுதுன்னு சொன்னீங்க. கறுப்பு டேப்பை ஒட்டி மறைச்சேன். மெஷினோட திரையையும் மூடிட்டேன். நடுவுல எப்பவோ ஒரு தடவை கூடுதலா அமுக்கியிருக்கேன். அதுக்கப்புறம் எல்லாமே தலைகீழ். நீங்க ஆக்‌ஷன் சொன்னப்ப நின்னுக்கிட்டிருந்துச்சு. கட் சொன்னதும் ஓட ஆரம்பிச்சிருக்கு. ஹெட்போன்ல எனக்கு ரெண்டு நேரமும் கேக்கும், அதனால தெரியல."

"மூணு டேக்கும்?"

"மூணும். போட்டுக் கேட்டேன். டீ வந்துடுச்சான்னு ஒருத்தர் கேக்குறார். நாற்காலியை இழுக்குறாங்க. லைட்டை நகர்த்துறாங்க. அவ்வளவுதான். அவரோட கடைசி வார்த்தையை நான் பிடிக்கல மேடம். இருபத்தஞ்சு வருஷம் இதே வேலை. புதுப் பையன் முதல் வாரத்துல பண்ற தப்பு. தொலைஞ்சுபோச்சுன்னா ஒரு நாள் தேடிட்டு விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். இவன் மேல திரும்பும்னு நெனைக்கல. திரும்பினப்புறம் சொல்லணும்னு நூறு தடவை வாயைத் திறந்தேன்." தம்பிக்காரனை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என்னை அடிச்சாலும் சரி."

தம்பிக்காரன் அடிக்கவில்லை. தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். "குடிங்க அண்ணே. பால் இல்லாம இருக்கு, அதுவும் உங்களாலதான்," என்றான்.

இயக்குநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கை மட்டும் சாவியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. திருடன் என்று ஒருவன் இருந்த வரைக்கும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவனைப் பிடித்தால் குரல் திரும்பக் கிடைத்துவிடும். இப்போது திருடனும் இல்லை, குரலும் இல்லை. அண்ணியும் தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். கேஸ் முடிந்தால் அப்படித்தான் செய்வாள். ஜெயித்த முகமாக அது இல்லை.

கொழுந்தனுக்கு மூச்சு முட்டியது. மூச்சு முட்டினால் அவன் வாய் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு கேலியைத் தேடினான். கேலண்டர், பாத்ரூம், வசனம் என்று மனசு ஓடிய இடத்தில் எதுவோ இடறியது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "பாத்ரூம் கதவுல அந்த வசனத்தை யார் ஒட்டினது?"

இயக்குநர் நிமிர்ந்தார். "என்ன வசனம்?"

"பென்சில்ல கோடெல்லாம் போட்டிருக்கே."

"பெரியவர் ஒட்டியிருப்பார்," என்றான் தம்பிக்காரன். "ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் பாத்ரூம் போவார். வயசாச்சு, அடக்க முடியலபோலன்னு நாங்க விட்டுட்டோம்."

"பேசிப் பார்க்காதீங்க, குரலை வீணாக்காதீங்கன்னு நான்தான் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றார் இயக்குநர் மெதுவாக.

கொழுந்தன் சவுண்ட்காரர் பக்கம் திரும்பினான். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "சார், பெரியவர் மேல மைக் மாட்டியிருந்தீங்களா?"

"சட்டைக்குள்ள. காலையில மாட்டினா சாயங்காலம்தான் கழட்டுவோம்."

"அதோடயேதான் பாத்ரூம் போவாரா?"

"ஆமா. அப்போ நாங்க ஹெட்போனைக் கழட்டிடுவோம். அடுத்தவங்க பாத்ரூம்ல இருக்கிறதைக் கேக்கக் கூடாது. அது எங்க தொழில்ல ஒரு மரியாதை."

"சரி. கார்டைப் போட்டுக் கேட்டீங்களே. அப்போ அந்த இடத்தைக் கேட்டீங்களா?"

சவுண்ட்காரர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "தாழ்ப்பாள் போடுற சத்தம் வந்துச்சு," என்றார். "தள்ளிவிட்டுட்டேன். மூணு தடவையும். கை தானாத் தள்ளிடுச்சு."

அதன் பிறகு யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. கேமராக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. சவுண்ட்காரர் மெஷினை எடுத்துத் தரையில் வைத்து, கார்டைப் போட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினார். அவர் விரல் பட்டனைத் தேடித் தடுமாறியது. விளக்கின் மேல் இன்னும் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை முதலில் பிய்த்து எறிந்தார்.

நாற்காலி இழுக்கும் சத்தம். யாரோ டீ கேட்டார்கள். செருப்புச் சத்தம் நெருங்கியது. தாழ்ப்பாள் விழுந்தது. குழாயைத் திறந்து மூடும் சத்தம். ஒரு நீண்ட இருமல். பிறகு நான்கு சுவர்களிலும் பட்டுத் திரும்பி, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போலவே, அந்தக் குரல் வந்தது.

"கதவைத் தட்டாதேம்மா. கை வலிக்கும். பூட்டினது நான்தான். சாவி என் மடியிலதான் இருக்கு. எழுந்தா நாலு எட்டு. அந்த நாலு எட்டு வைக்கத்தான் எனக்கு இத்தனை நாளாத் தெம்பில்ல. நீ போயிடாதே. அங்கயே நின்னு ஏதாவது பேசிக்கிட்டே இரு. பேசிக்கிட்டே இருந்தா நான் வந்துடுவேன்."

கரகரத்த குரல்தான். 'தெம்பில்ல' என்ற இடத்தில் அது உடைந்து, உடைந்தபடியே அடுத்த வரிக்குப் போனது. கொழுந்தனுக்குக் கண்ணில் நீர் கட்டியது. அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பெரியவரின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

"ம். இது. இதேதான். அங்க போனாலும் இதே மாதிரி வரணும்."

தாழ்ப்பாள் திறந்தது. மெஷின் நின்றது.

"அங்க வரல," என்றார் கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு டேக்குலயும் இவ்வளவு நல்லா வரல. எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். அவரால முடிஞ்சது அவ்வளவுதான்னு விட்டுட்டோம்."

இயக்குநர் கையை விரித்தார். சாவியின் பல் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைத் தம்பியிடம் நீட்டினார்.

"விடுக்கா," என்றான் தம்பி. "நாலு மணி ஆக இன்னும் இருபது நிமிஷம் இருக்கு." சாவியை வாங்கிப் போய்க் கதவைத் திறந்தான்.

படிக்கட்டுப் பக்கத்து வெளிச்சமும் காற்றும் ஹாலுக்குள் வந்தன. கொழுந்தன் ஒரு மணி நேரமாக இதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தான். வாசலை ஒட்டி நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் இயக்குநர். "பெரியவருக்குப் போன்ல அனுப்பணும். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேக்கணும்."

"கிளம்பலாம்னீங்களே கொழுந்தனாரே," என்றாள் அண்ணி.

"கேட்டுட்டுப் போகலாம் அண்ணி," என்று அவனும் வந்து தரையில் உட்கார்ந்தான்.

சவுண்ட்காரர் பட்டன் மேல் விரலை வைத்தார். வைத்தவர் முகத்தைச் சுளித்துச் சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினார். "ஒரு நிமிஷம்," என்று எழுந்து, அண்ணியின் மடியிலிருந்த வண்டிச் சாவியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஃபிரிட்ஜின் உர்ர் சத்தம் நின்றது. அதைத் தொடர்ந்து உள்ளே ஒரு சின்ன மூடி திறந்து மூடும் சத்தமும் கேட்டது.